நிறைஞ்சிருக்கு

கப்பலூர் தொழிற்பேட்டை.
ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியின் கணக்குப் பிரிவு.
பதினெட்டாம் தேதி, மாலை நாலே முக்கால்.
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
மேனேஜர் இருளப்பன் வருகிறார்.
கையில் கோப்பு இருந்தால்
அவர் குரலில் 'ம்மா' கூடிவிடும்.

"மீனலோசனி, ஒண்ணுமில்லம்மா, சின்ன வேலைதான்."

சின்ன வேலை என்பது
ஏப்ரலிலிருந்து சரக்கிருப்பை எண்ணிச் சரிபார்ப்பது.
ஒண்ணுமில்லை என்பது
ஞாயிற்றுக்கிழமை.

போன மாதம் 'சரி சார்' என்றேன்.
அதற்கு முந்தைய மாதம் 'பார்க்கலாம் சார்' என்றேன்.
அது மறுப்பு என்று அவருக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி வைத்துவிட்டுப் போனார்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
அடிவயிற்று வலி என்று பொய் சொன்னேன்.
மறுநாள் அவர் வீட்டிலிருந்து
ஒரு டப்பா வெந்தயக்களி வந்தது.
களியைத் தின்றுகொண்டே
ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தேன்.

முடியாது என்ற சொல்லை
பாத்ரூம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
நாலே எழுத்து.
மூன்றாவதில் வாய் திறந்தபடி
நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்
தீர்ந்தது என்று சொல்லக்கூடாது,
'நிறைஞ்சிருக்கு' என்போம்.
விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்போம்.
கிளம்பும்போது 'போறேன்' என்றால் ஆகாது.
இல்லை என்பதையே சொல்லாத வீட்டிலிருந்து
டிபன் பாக்ஸோடு வருகிறவள்
இவரிடம் எப்படிச் சொல்ல?

இன்று காலை
பெரியார் நிலையத்தில் திருமங்கலம் வண்டி.
படியில் மட்டும் ஏழு பேர்.
கோழிக்கூடையோடு கை நீட்டிய ஆளிடம்
ஏறாதே என்று கண்டக்டர் சொல்லவில்லை.
"நீங்களே உள்ள பாருங்கண்ணே.
யாரை இறக்கிவிடட்டும், சொல்லுங்க, இறக்கிர்றேன்."
அந்த ஆள் எட்டிப் பார்த்தார்.
மூச்சுமுட்ட நின்ற எங்களைப் பார்த்தார்.
சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.
இரண்டு விசில்.

ஆக, நாலே முக்காலுக்கு
என் மேசையில் கிடந்ததையெல்லாம்
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
நாளை மறுநாளைக்குள் ஜிஎஸ்டி.
சம்பளப் பட்டியல்.
ஓசூர்க்காரன் அனுப்பாத பதினோரு பில்.

"எல்லாம் நிறைஞ்சிருக்கு சார்.
இது அவசரம்னா ஏத்திக்கிறேன்.
எதை இறக்கி வைக்கட்டும்னு மட்டும் சொல்லிருங்க."

குரல் நடுங்கவில்லை.
மேசைக்கு அடியில்
செருப்புக்குள் விரல்கள்தான் சுருண்டு சுருண்டு விரிந்தன.

எட்டிப் பார்த்தார்.
ஜிஎஸ்டியைத் தொட்டுக் கையை எடுத்தார்.
சம்பளப் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவது.
"அதுவும் சரித்தான்" என்று
கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அங்கிட்டுத் திரும்பினார்,
ஜெசிந்தாவின் மேசைப் பக்கம்.

இதை நான் யோசிக்கவில்லை.
அடுத்த வண்டியும் நிரம்பித்தான் வரும்.

வேலைக்கு வந்து நாலு மாதம் ஆன ஜெசிந்தா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு தன் மேசையில் கிடந்தவற்றை
ஒவ்வொன்றாக
அவர் பக்கம் திருப்பத் தொடங்கினாள்.

ஐந்தரைக்குத் தடுப்புக்கு அங்கிட்டிருந்து
அவர் குரல், கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தோடு.
"ஆகட்டும் சார்.
ஞாயித்துக்கிழமைன்னா என்ன சார்,
ஒண்ணுமில்ல சார், சின்ன வேலைதான்."

பையை எடுத்துக்கொண்டு அவர் கதவருகில் நின்றேன்.
"போய்ட்டு வர்றேன் சார்."
தலை நிமிராமல் கையை ஆட்டினார்.
கோப்பு விரிந்து கிடந்தது.
எண்களின் மேல் விரலை வைத்து
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
உதடசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

அதிசயமாக வண்டி காலியாக வந்தது.
ஜன்னலோரம் கிடைத்தது.
வெந்தயக்களி வந்த டப்பாவை
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது
திருநகர் தாண்டும்போது ஞாபகம் வந்தது.
வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாது.